அப்பாவிடம் மிஞ்சிய சொல்

பக்கவாதம் அப்பாவிடமிருந்து எல்லாச் சொற்களையும் பிடுங்கிக்கொண்டு ஒன்றை மட்டும் விட்டுவைத்தது. அதுவும் எப்படிப்பட்ட சொல்! எஃப்பில் தொடங்கும் அந்த நாலெழுத்து ஆங்கிலக் கெட்ட வார்த்தை. தில்லையம்பலம் என்றால் சிராங்கூன் ரோடு கோயிலில் தேவாரம் பாடுகிறவர், பெற்ற மகளை ‘வாடி’ என்றுகூடக் கூப்பிடாதவர் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். “ஸ்ட்ரோக் வந்தா சில பேருக்குத் திட்டுற வார்த்தை மட்டும் தங்கிடும்” என்றார் டாக்டர். நல்ல விளக்கம்தான். தினமும் கேட்கவேண்டியவர் அம்மா.

எனக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. இழுத்துச் சொன்னால் தண்ணீர். வெட்டிச் சொன்னால் டிவியை நிறுத்து. முனகினால் வலி. எம்ஆர்டி ரயிலில் பள்ளிப் பிள்ளைகள் அதே சொல்லைச் சந்தோஷத்துக்கும் ஆச்சரியத்துக்கும், சும்மா வாக்கியத்தை முடிக்கவும்கூட வீசிக்கொண்டிருக்கிறார்கள். அப்பா மட்டும் என்ன பாவம் செய்தார்?

அம்மாவால் முடியவில்லை. “என் பேரைச் சொல்லவேண்டிய வாய்ல இது எங்கேருந்து வந்துச்சு, தர்ஷினி? இத்தனை வருஷமா மனசுக்குள்ள எனக்காக வச்சிருந்தாரா?” சோறு ஊட்டும்போதும் கேட்பார், துணி மடிக்கும்போதும் கேட்பார். அகராதியைப் புரட்டினேன். பழைய வடக்கு ஐரோப்பிய மொழிகளில் அடிப்பது என்ற பொருளில் இருந்திருக்கலாம், உறுதியில்லை என்றது. “அடிக்கிறதா? சரியாத்தான் இருக்கு” என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தக் கேள்வியோடேயே அம்மா போய்ச் சேர்ந்தார். சாவைவிட எனக்கு அதுதான் தாங்கவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று வாகீசன் மாமா வந்தார். அப்பாவோடு இளவயதில் கப்பல் பட்டறை ஆபீசில் வேலை பார்த்தவர். அவரிடம் கேட்டேன்.

“அது அங்க இருந்த வெள்ளைக்காரத் துரையோட வார்த்தைம்மா. நாள் முழுக்க எங்க மூஞ்சில எறிவான். நான் டாய்லெட்ல போயித் திருப்பித் திட்டுவேன். உங்கப்பா பல்லைக் கடிச்சிக்கிட்டு யெஸ் சார்னு நிப்பாரு. ஒரு நாள்கூட வாயத் திறக்கல லா.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துரைக்குச் சொல்லாமல் விழுங்கியது அது. அம்மாவுக்கானதே இல்லை.

படையல் தயாராக இருந்தது. புட்டு, மீன் பொரியல், கீழே காப்பிக்கடையில் வாங்கிய கோப்பி ஓ, எல்லாம் அம்மாவுக்குப் பிடித்தவை. படத்தின் முன் வாழையிலையில் வைத்துவிட்டு, இறந்தவர் வந்து நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் வெளியே நிற்பது எங்கள் வழக்கம். அப்பாவின் சக்கர நாற்காலியை வாசல் படி தாண்டி இறக்குவது பெரும்பாடு. கொஞ்ச நேரம்தானே என்று அவரை உள்ளேயே விட்டோம். அப்படி விடக்கூடாது என்று யாருக்கும் தோன்றவில்லை.

கதவைச் சாத்துமுன் படத்தருகே குனிந்தேன். “அம்மா, அந்த வார்த்தை உங்களுக்கு இல்ல. அந்தத் துரைக்கு.”

காரிடாரில் நின்றோம். எதிர் பிளாக்கில் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே அப்பா அந்தச் சொல்லைச் சொன்னார். எனக்குத் தெரிந்த எந்தக் குரலிலும் இல்லை. மெல்ல, கெஞ்சுவது போல. பிறகு யாரோ பேசுவதைக் கேட்கிற மாதிரி ஓர் அமைதி. மறுபடி சொன்னார்.

அப்போது அதே சொல் ஒரு பெண் குரலில் வந்தது. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, வாங்கிப் பார்ப்பது போல.

வாகீசன் மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார். “உள்ள வேற யாரு இருக்கா?”

அந்தக் குரலை எனக்கா தெரியாது? கதவைத் தள்ளினேன். இலையில் எதுவும் தொடப்படவில்லை. அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, யார்கிட்ட பேசினீங்க?”

அவர் கீழுதட்டைப் பல்லில் வைத்தார். காற்று மட்டும் வந்தது. திரும்ப முயன்றார். காற்றுதான். என் கையைப் பிடித்து உலுக்கினார், கண்ணீர் தாடையில் வழிந்தது, தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

உண்மை தெரிந்த பிறகும் அம்மா அந்த ஒரு சொல்லையும் அவரிடம் விட்டுவைக்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அம்மாவை நினைத்து எனக்குப் பயமாக இருந்தது.