சக்கெலாரிஸ் சொன்ன ‘மாட்டேன்’

என் கொழுந்தன் மீக்கெஸ் ஆஸ்பத்திரிக்கு நோட்டரியைக் கூட்டிட்டு வந்தப்பவே எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. சொந்த அண்ணனைப் பார்க்க வர்றவன் கையில பழம் இல்ல, பத்திரம்.

“அண்ணி, அண்ணன் சம்மதிச்சுட்டாரு.”

“நாக்கையே அசைக்க முடியாத மனுஷன் எதால சம்மதிச்சாரு?”

“கண்ணாலதான். படகைக் குடுத்துரலாமான்னு நேத்து கேட்டேன். நம்ம ஊர் வழக்கப்படி கீழே பார்த்து ஆமாம்னாரு. ஒரு தடவை இல்ல, பத்துத் தடவை!”

என் புருஷன் சக்கெலாரிஸுக்கு மூளைத்தண்டுல ரத்தம் கசிஞ்சு அன்னைக்கு இருபத்திரண்டாவது நாள். கை கால் அசையாது. கண்ணு மட்டும் சடார்னு கீழே விழும், மெதுவா நடுவுக்கு வரும், மறுபடி விழும். மூளைத்தண்டு அடிபட்டா கண்ணு தானா இப்படிக் குதிக்கும், அவருக்கு நினைவே இல்லன்னு டாக்டர் தனாயி சொல்லிட்டாங்க. எனக்கு மனசு ஒப்பல.

மீன்பிடி உரிமத்தைத் திருப்பிக் குடுத்தா அரசாங்கம் பணம் தரும். ஆனா படகைக் கரையில ஏத்தி நொறுக்கிருவாங்க. எங்க கிரேக்கத் தீவு காலிம்னோஸ் கரையில அப்படி எத்தனையோ படகு போயிருச்சு. எங்க படகு அண்ணன் தம்பி ரெண்டு பேரு பேர்லயும் இருக்கு, ஒருத்தர் மாட்டேன்னா நடக்காது. படகு போறது கூடப் பரவாயில்ல. உசிரோட இருக்குற மனுஷனைப் பொணமாக்கி ஆமாம் போட வைக்கிறாங்களேன்னுதான் எனக்கு வயிறு எரிஞ்சுது.

நோட்டரி குனிஞ்சு, “சம்மதமா, சக்கெலாரிஸ்?”ன்னாரு. கண்ணு கீழே விழுந்துச்சு. எழுத ஆரம்பிச்சாரு.

“நில்லுங்க ஐயா, நானும் ஒண்ணு கேக்குறேன். யோவ் சக்கெலாரிஸ், உன்னை இன்னைக்கே புதைச்சுரலாமா?”

கண்ணு சடார்னு கீழே.

“பாருங்க, அதுக்கும் சம்மதமாம்! சவப்பெட்டிக்குச் சொல்லி அனுப்பட்டுமா?”

நோட்டரி பேனாவை மூடிட்டாரு. ஆனா மீக்கெஸ் விடுவானா?

“அப்ப அண்ணனுக்கு நினைவு இல்லைன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. கோர்ட்டுல சொல்லி அவருக்குப் பதிலா நானே கையெழுத்துப் போட்டுக்கிறேன்.”

வாசல்ல நின்ன டாக்டரும் ஆமாம்னு தலையாட்டினாங்க. என் வாய்க்கொழுப்புல எனக்கு நானே குழி வெட்டிக்கிட்டேன். ச்சே!

அப்பத்தான் புத்தியில பட்டுச்சு. கீழே விழறது நோயோட வேலை. அவரை எது கேட்டாலும் அது முந்திக்கிட்டு ஆமாம் போடுது. ஆனா எங்க ஊர்ல மாட்டேன்னு சொல்ல யாரும் கீழே பார்க்க மாட்டாங்களே! புருவத்தையும் கண்ணையும் மேலே தூக்கி, நாக்குல ‘ட்ச்’னு ஒரு சத்தம். முப்பது வருஷமா நான் எது கேட்டாலும் அவரு அதைத்தான் பண்ணாரு.

“யோவ், நல்லாக் கேளு. உன் படகை நொறுக்கலாமா? மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லித் தொலை!”

கண்ணு விழுந்துச்சு. மெதுவா நடுவுக்கு ஏறுச்சு. அங்க நிக்கல. மேலே, இமைக்குள்ள போற வரைக்கும் ஏறி, அப்படியே நின்னுச்சு.

டாக்டர் தனாயி கட்டில்கிட்ட ஓடி வந்தாங்க. “நான் உங்க தங்கச்சியா?” மேலே. “இவங்க உங்க பொண்டாட்டியா?” மேலே போகல, வழக்கம்போல விழுந்துச்சு. மாத்தி மாத்தி எத்தனையோ கேட்டாங்க, ஒண்ணுகூடத் தப்பல. அந்தம்மா முகம் வெளுத்துப் போச்சு.

“மேலே பார்க்க வைக்கிற இடம் கசிவுக்கு மேல இருக்கு, அது தப்பிச்சிருக்கு. நான் சோதிச்சுப் பார்த்திருக்கணும். இத்தனை நாளா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்காரு.”

மீக்கெஸ் அண்ணனைப் பார்க்காமலே வெளியே போனான்.

எல்லாரும் போனப்புறம் நான் அவரு பக்கத்துல உக்கார்ந்தேன். உண்மையைச் சொன்னா, அந்தப் படகு எனக்குச் சக்களத்தி. கல்யாணமான நாள்லருந்து அது எனக்கு ஆகாது.

“அவன் கேட்டான், குடுக்கல. சரி. நான் கேட்டா குடுத்துருவியா?”

மேலே.

“எனக்காகக் கூடவா?”

மேலேயே நின்னுச்சு.

“நீ நாசமாப் போக!”ன்னு திட்டிட்டு, அந்தப் புருவத்துல முத்தம் குடுத்து, அன்னைக்குத்தான் ஆசை தீர அழுதேன்.