பறக்கும் ஆமையை அனுப்பிய விதம்

லேமினேஷன்காரர் கார்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி. ஒரு குமிழி இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. ஓரம் விட்டு வெட்டி, மூலைகளை வளைத்து, போனில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். 'இனி மழையில் நனைஞ்சாலும் கவலை இல்லை' என்று கீழே ஒரு வரியும் எழுதினார். தொழில் பெருமை முழுவதும் அந்த ஒரு வரியில் இருந்தது, பாவம்.

மகள் வேலைக்காக வேறு ஊர் போனதிலிருந்து பேச்செல்லாம் அம்மாவிடம்தான். இவர் பங்குக்கு "சாப்டீங்களாப்பா?", "சாப்டேன்மா" என்பதோடு சரி. அப்படிப்பட்டவள் முந்தின நாள் இவரையே கூப்பிட்டு ஓர் உதவி கேட்டதில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. சின்ன வயதிலிருந்து அவள் சேர்த்துவரும் விளையாட்டுக் கார்டுகளில், பறக்கும் ஆமை படம் போட்டதை அவள் தரும் முகவரிக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அவளைப் போலவே கார்டு சேர்க்கும் ஒருவரோடு மாற்றிக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த ஆள் தன் கார்டை அனுப்பியும்விட்டார். மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போடணும், அதைக் கெட்டி உறையில் செருகணும், ரெண்டு அட்டைப்பெட்டித் துண்டுக்கு நடுவில் வைக்கணும், சாதாரணத் தபாலே போதும், கூரியர் வீண் செலவு என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். இவர் ம் கொட்டினார். பாதிதான் காதில் விழுந்தது. மீதி, 'என்னிடம் கேட்டுவிட்டாள்' என்ற சந்தோஷத்தில் போய்விட்டது.

உறைக்குள் உறை, எல்லாம் வாய் திறந்த உறை. ஒரு சொட்டுத் தண்ணீர் போதாதா? ஊரார் சான்றிதழ்களையெல்லாம் காலத்துக்கும் காப்பாற்றிக் கொடுக்கிறவர், சொந்த மகளின் கார்டை அம்மணமாகவா அனுப்புவார்? இயந்திரம் சூடேறிப் பச்சை விளக்கு எரிந்ததும் ஆமையை உள்ளே விட்டுவிட்டார்.

படம் போய்ச் சேர்ந்த கையோடு போன் அடித்தது.

"அப்பா... நிஜமா ஒட்டிட்டீங்களா? இல்ல, சும்மா உள்ள வெச்சிருக்கீங்களா?"

"ஒட்டிட்டேன்மா. இனி பிரிக்கவே முடியாது."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

"அது போச்சுப்பா. இனிமே அத யாரும் வாங்கிக்க மாட்டாங்க. கார்டு வந்தது வந்தபடி இருக்கணும்."

"வந்தபடிதானே இருக்கு? இன்னும் பளபளன்னு..."

"அவங்க என்னை நம்பி முன்னாடியே அனுப்பிட்டாங்கப்பா! இப்போ நான் என்னன்னு சொல்லுவேன்?"

வைத்துவிட்டாள்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் நின்றார். பிளாஸ்டிக்கில் வைத்தால் பத்திரம், அதே பிளாஸ்டிக்கை ஒட்டினால் நாசம். இது எந்த ஊர் நியாயம்? நகல் எடுக்க வந்தவர் ஒரு பக்கம் கேட்க, இரண்டு பக்கமும் எடுத்துக் கொடுத்துத் திட்டு வாங்கினார். மதியம் சாப்பாட்டின்போது மனைவியிடம் கேட்டார்.

"ஒட்டினா கெட்டுப்போகுமாம். உனக்குப் புரியுதா?"

"எனக்கு எங்க புரியும்? ஆனா அவ சொன்னதச் செஞ்சிருந்தா, உங்களுக்கும் புரிய வேண்டிய அவசியம் இருந்திருக்காது."

சுருக்கென்றது. தப்பு செய்தாயிற்று என்பது தெரிந்தது. என்ன தப்பு என்பதுதான் பிடிபடவில்லை. இனி எதற்கும் தன்னைக் கூப்பிடமாட்டாள் என்று நினைத்தபோது சோறு இறங்கவில்லை.

ஆனால் மறுநாள் காலையில் அவளே கூப்பிட்டாள். குரல் தணிந்திருந்தது.

"என் கார்டு டப்பாவுல அடியில ஒத்தக்கண் நரி இருக்கும். ஆமைக்குப் பதிலா அத அனுப்புங்கப்பா. அவங்ககிட்ட சொல்லிட்டேன்."

"அத யாருக்கும் தரமாட்டேன்னு சொல்வியேம்மா."

"வாக்குக் குடுத்துட்டேனே. வீடியோல வாங்க. நான் சொல்லச் சொல்லச் செய்ங்க. நீங்களா ஒண்ணும் செய்யாதீங்க."

லேமினேஷன் இயந்திரத்தின் பிளக்கையே பிடுங்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். மெல்லிய உறை. கெட்டி உறை. அதன் வாயில், பிரித்தால் பிசின் தங்காத காகித டேப், பிரிக்கிறவர் இழுப்பதற்கு நுனியில் ஒரு மடிப்பு.

"மூலையத் தொடாதீங்கப்பா."

"தொடலம்மா."

"அழுத்தாதீங்க."

"அழுத்தலம்மா."

எல்லாம் முடிந்து பார்த்தால் கார்டோடு எதுவுமே ஒட்டவில்லை. இப்படி இருப்பதற்குப் பெயர் பாதுகாப்பா? கேட்க வாயெடுத்தவர் மூடிக்கொண்டார். அவள் "சரிப்பா" என்றாள். அதில் கோபம் மிச்சம் இருந்ததா இல்லையா, அதுவும் விளங்கவில்லை.

தபால் நிலையத்தில் வரிசை நகர்ந்தது. கவுண்டர்காரர் உறையை எடை போட்டு, ஸ்டாம்பு ஒட்டி, "உள்ள என்ன சார்?" என்றார்.

"நரி," என்றவர் சுதாரித்து, "படம் சார், சின்னப் படம்," என்றார்.

கவுண்டர்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு முத்திரையை ஓங்கினார். காலையிலிருந்து மேஜை அதிர அதிரக் குத்திப் பழகிய கை. லேமினேஷன்காரர் யோசிக்கவில்லை. அவர் கை தானாக நீண்டு, உறையைத் தொடாமல், அதன் மேல் மூடிபோலக் குவிந்து நின்றது.

மடேர் என்று விழுந்தது முத்திரை.

"என்ன சார் நீங்க! கைய ஏன் உள்ள விட்டீங்க?"

அது அவருக்கும் தெரியவில்லை. புறங்கையில் அன்றைய தேதி வட்டமாக, கறுப்பாகப் பதிந்திருந்தது. வலியில் கண் கலங்கியது. குவித்த விரல்களைக் கலைக்காமல், தலையைச் சாய்த்து, அவற்றின் இடுக்கு வழியாக உள்ளே இருந்த உறையைப் பார்த்தார்.