ஒரே சட்டிச் சாப்பாடு

தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் மாக் மண்டின் தொழிற்சாலையில் ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் இரத்தம் எடுப்பார்கள். எண்பத்தொன்பதாம் ஆண்டில், ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி பரமநாதனுக்குக் கொழுப்பு ஒன்பதுக்கு மேல் என்று வந்தது. ஆறைத் தாண்டினாலே டாக்டர்கள் முகம் சுளிப்பார்கள். இத்தனைக்கும் ஆள் ஒல்லி. பிறந்ததிலிருந்து சைவம். முட்டை சேர்த்த கேக்கைக்கூடத் தொடமாட்டான்.

மனைவி செல்வநாயகி முதலில் பழியைத் தன் சமையல்மேல் போட்டுக்கொண்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று தானும் இரத்தம் கொடுத்துப் பார்த்தாள். அவளுக்கும் கொஞ்சம் கூடுதல்தான். அன்றிலிருந்து சொதிக்குத் தேங்காய்ப்பால் இல்லை, நெய் இல்லை, பொரித்தது இல்லை. அவன், அவள், மகள் நவமணி மூவருக்கும் அதே சோறு, அதே கறி. சில மாதம் கழித்து மறுபடி பார்த்தபோது அவளுக்கு நன்றாக இறங்கியிருந்தது. அவனுக்கு அசையவே இல்லை.

ஒரே சட்டியில் சாப்பிடும் இருவரில் ஒருவருக்கு மட்டும் இறங்கவில்லை என்றால், அந்த ஒருவர் வேறு சட்டியிலும் சாப்பிடுகிறார். செல்வநாயகி போட்ட கணக்கு இதுதான். அதில் எங்கே தப்பு என்று பரமநாதனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

வேலை முடிந்து பெர்ரியில் வீடு இருக்கும் தீவுக்கு வந்ததும் அவன் டீ குடிக்கும் இடம், சோற்றில் கறிக்குழம்பு ஊற்றித் தரும் ஷேக் அலாவுதீனின் நாசி கண்டார் கடை. அவள் அங்கேயே நேராகப் போய் விசாரித்தாள். ஷேக் அலாவுதீன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணன் டீ மட்டும்தான்க்கா. கொழம்பு வாசனைக்கே மூக்கப் பொத்திக்குவாரு. அவர நம்பி நான் கடை வச்சிருந்தா எப்பவோ மூடியிருக்கணும் லா."

இவ்வளவு பொருத்தமாகப் பதில் வந்தால் அது சொல்லிக்கொடுத்த பதில்தான் என்று முடிவுகட்டி அவள் திரும்பி வந்தாள். தண்ணீர்மலைக் கோயிலில் சத்தியம் செய்யக் கூப்பிட்டாள். ஒரு கறிச் சட்டிக்காக முருகனை இழுப்பதா என்று அவன் மறுத்தான். அந்த மறுப்பும் அவன் கணக்கில் ஏறியது. வீட்டில் பேச்சு நின்றது. சாப்பாடு மேசைக்கு வரும், அவள் வரமாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு அலுத்துவிட்டது.

"சரி, சாப்பிட்டேன்," என்றான். "மாசத்துல ரெண்டு தடவ. ஆட்டுக்கறி."

"கொழம்பா, வறுவலா?"

"கொழம்பு."

அவள் அழவில்லை. அவனைத் தலைமுழுகச் சொன்னாள், பூசையறையைக் கழுவினாள், மாலையில் அவனுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பாலிக் புலாவில் இருக்கும் அவன் தம்பி விஸ்வலிங்கத்தின் மனைவி பத்மாவதிக்குப் போன் போட்டுப் பாவம் மனுஷன் என்று சொன்னாள். அதன்பிறகு வீடு அமைதியானது. மன்னிக்கப்பட்டவனாக இருப்பது பரமநாதனுக்கு வசதியாகவே இருந்தது. செய்யாத குற்றம் என்பதால் அதைத் திருத்திக்கொள்ளும் சிரமமும் இல்லை.

அடுத்த முறை இருவரும் கிளினிக்குக்குப் போனபோது புது டாக்டர் இருந்தார். அப்துல் ரஹீம் என்று பெயர், நல்ல தமிழ் பேசினார். அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டார். நாற்பத்திரண்டு வயதில், பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது அப்படியே சாய்ந்தார் என்றான் பரமநாதன். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதற்குச் செல்வநாயகி முந்திக்கொண்டாள். வெளியில் ஆட்டுக்கறி சாப்பிட்டார், இப்போது விட்டுவிட்டார், என்றாள்.

டாக்டர் தலையாட்டினார். அப்படியானால் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றார்.

"சைவமா இருந்து இந்த அளவு வந்திருந்தா வேற மாதிரி யோசிப்பேன். சில பேருக்கு ஈரல் ரத்தத்துல இருக்கிற கொழுப்பச் சரியா எடுக்காது. பொறப்பே அப்படி. ஒரே சாப்பாடுதான், மத்தவங்களுக்கு எறங்கும், இவங்களுக்கு எறங்காது. புள்ளைங்களுக்கும் பாதிக்குப் பாதி வரும். சின்ன வயசுலயே பார்த்துடணும்."

பரமநாதன் மகளை நினைத்தான். பதின்மூன்று வயது. பள்ளிக்கும் வீட்டுச் சாப்பாட்டையே கட்டிக்கொண்டு போகிறவள்.

"நான் சாப்பிடல டாக்டர்," என்றான். "சண்டை முடியட்டும்னு சும்மா சொன்னேன்."

"இப்ப உங்களுக்குப் பயந்து மாத்திப் பேசுறாரு," என்றாள் செல்வநாயகி.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாப்பாவுக்கு இரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும் என்றார். ஒரு தப்பும் செய்யாத பிள்ளைக்கு எதற்கு ஊசி என்று அவள் முதலில் ஒப்பவில்லை. பிறகு வேறு யோசனை வந்தது. புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அவளுக்கு ஒண்ணும் இல்லன்னு வரும். வந்தா நீங்க தண்ணீர்மலைக்கு வந்து பொய் சொன்னத ஒத்துக்கணும்."

"ஒத்துக்கிறேன்," என்றான். முடிவு வரும்வரை தினமும் அதைத்தான் வேண்டிக்கொண்டான். தான் கறி தின்ற பொய்யன் என்றே முடிவாகட்டும்.

நவமணிக்கு எட்டுக்கு மேல் வந்தது.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். இளவயதில் கண்டுபிடித்தது நல்லது. பிள்ளையை வருஷாவருஷம் பார்த்து, வேண்டிய நேரத்தில் மருந்து தொடங்கலாம். பரமநாதன் இன்றிலிருந்தே மாத்திரை சாப்பிடவேண்டும். அவன் கூடப்பிறந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வந்து பார்க்கவேண்டும். செல்வநாயகி எல்லாவற்றையும் இரண்டு முறை கேட்டுக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் தெருமுனைப் பொதுத் தொலைபேசிக்குப் போனாள். பரமநாதனும் மகளும் பக்கத்தில் நின்றார்கள்.

"பத்மா, தம்பியையும் புள்ளைங்களையும் கூட்டிட்டு வா. ரத்தம் பாக்கணும்." அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேள்வி வந்தது. "இல்ல. அவரு சாப்பிடல. ஒருநாளும் சாப்பிட்டதில்ல. நாந்தான் ஒத்துக்க வச்சேன். நீ யார் யார்கிட்ட சொன்னியோ அவங்ககிட்டயெல்லாம் போய் மாத்திச் சொல்லு."

போனை வைத்துவிட்டு அவனைப் பார்க்காமலே கையை நீட்டினாள். ஈப்போவில் இருக்கும் அவன் அக்காவைக் கூப்பிடச் சில்லறை வேண்டியிருந்தது. அவன் சட்டைப்பையைத் துழாவினான்.