ஹேகெலே போட்ட மூடி

எங்கள் குடியிருப்பின் நிலவறையில் இருக்கிற துவைக்கும் அறை வியாழக்கிழமைகளில் என் முறை. அன்றைக்கு நான் துணி துவைப்பதில்லை, பீர் காய்ச்சுகிறேன் என்பது எஸ்லிங்கனில் எங்கள் தெருவுக்கே தெரியும். முதல் தடவை வீட்டுச் சமையலறையில்தான் காய்ச்சினேன். அதை ஏன் கேட்கிறீர்கள்! கிளம்பின ஆவியில் சுவரில் ஒட்டியிருந்த பூப்போட்ட காகிதம் பிய்ந்து நாக்கு மாதிரி தொங்கிவிட்டது. அன்றோடு பானையைக் கீழே இறக்கிவிட்டேன். பானை என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை. ப்ளம் பழப் புட்டிகளை வேகவைக்க எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்குமே, ப்ளக்கைச் செருகித் திருகினால் சூடாகிற பெரிய எனாமல் பானை, அதுதான்.

போன வசந்தத்தில் என் மகள் அன்னெக்ரேட்டுக்கு இரண்டாவது கல்யாணம். மாப்பிள்ளை லோரென்ஸ் பாம்பெர்க் பக்கத்துக்காரர். சாப்பாட்டுக் கடையும், அதை ஒட்டிச் சின்னதாக ஒரு பீர் ஆலையும் வைத்திருக்கிறார். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் பெண் வீட்டு வாசலில் ஊரே வந்து நல்ல சகுனத்துக்காகப் பீங்கான் உடைக்கும் இல்லையா, அன்றைக்கு எல்லாருக்கும் என் பீர்தான் என்று அவரிடமே போய் வாயை விட்டுவிட்டேன்.

"அப்ப நான் பீப்பாய் கொண்டு வரலை அத்தை," என்றார். "உங்களை நம்பித்தான் இருக்கேன். சொதப்பினீங்கன்னா வர்றவங்களுக்கெல்லாம் பச்சைத் தண்ணிதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கொண்டு வரமாட்டேன் என்றால் கொண்டு வரமாட்டார், அந்த ரகம். பீர் புளித்துத் தெளிய வாரக்கணக்கில் ஆகும். யோசித்துப் பார்த்தால் எனக்கு ஒரே ஒரு வியாழக்கிழமைதான் மிச்சம். அதை விட்டால் மானம் போய்விடும்.

அந்த வியாழக்கிழமை காலையிலேயே மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்தின பார்லியை, வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டினேன். தேன் நிறத்தில் பானை நிறையச் சாறு. கொதி வரத் தொடங்கியது. இந்தச் சாற்றைத் திறந்து போட்டுத்தான் கொதிக்கவிட வேண்டும். முட்டைக்கோஸ் வேகிற மாதிரி ஒரு வாடை உள்ளே இருக்கும், அது ஆவியோடு ஓடிப்போனால்தான் பீர் பீராக இருக்கும். கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸ் பூவை மாடியிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். எடுக்கப் போன இடத்தில் தொலைபேசி அடித்தது. அன்னெக்ரேட்தான்.

"அம்மா, என் பழைய மாமியாரையும் கூப்பிடணுமா?"

"கூப்பிடுடி. உடைக்கறதுக்குப் பழைய தட்டெல்லாம் அவங்க வீட்டுலதான் கிடக்கு."

பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. இந்த நேரத்தில்தான் கீழ்வீட்டு ஹேகெலே நிலவறைக்கு இறங்கியிருக்கிறார். நாம் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்துவிடுகிற மனிதர். இந்தப் பகுதி ஸ்வாபியாக்காரர்களான நாங்களே சிக்கனத்துக்குப் பேர்போனவர்கள், அந்த நாங்களே அவரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வோம்.

நான் இறங்கி வந்தபோது அறைக்கதவின் அடியில் நுரை வழிந்து வந்துகொண்டிருந்தது. உள்ளே போனால் பானை மேல் மூடி. மூடி மேல் ஒரு செங்கல். நாலு பக்கமும் பொங்கித் தரையெல்லாம் பிசுபிசு. ஹேகெலே என் துடைப்பத்தை வைத்து அதை அங்குமிங்கும் தள்ளிக்கொண்டிருந்தார்.

"யாரு மூடினது?" என்றேன்.

"நான்தான் கீஃபரம்மா. ஆவென்னு திறந்து கிடந்துச்சு. சூடெல்லாம் கூரைக்குப் போகுது. பார்த்துட்டு சும்மா போக மனசு வரலை."

"ஓடறது என் மீட்டர்தானே ஐயா! உங்களுக்கு எங்க வலிக்குது?"

"யார் மீட்டரா இருந்தா என்ன? வீணுன்னா வீணுதான்."

"ஓ! தரையில ஓடுதே என் மக கல்யாணத்து பீர், அது வீணில்லையா?"

அப்போதுதான் அவர் முகம் சுருங்கியது. பானையில் பாதி கூடத் தேறவில்லை. மிச்சத்தில் அந்த முட்டைக்கோஸ் வாடை குப்பென்று அடித்தது. கொட்டிவிடலாம் என்று கைப்பிடியைத் தொட்டேன். மனுஷன் சாக்கடைத் துளையின் மேலேயே ஏறி நின்றுகொண்டார்.

"கொட்டறதா? என் உயிர் இருக்கற வரைக்கும் நடக்காது! வாடை போகணும், அவ்வளவுதானே? நல்லாக் கொதிச்சா போயிடுமா?"

"போகும். ஆனா இந்தப் பானை சோம்பேறி. திறந்து வச்சா லேசா முணுமுணுக்கும், துள்ளாது."

தாடையைத் தடவிக்கொண்டே பானையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "மேல மூடக்கூடாது. சரி. பக்கவாட்டுல மூடலாமில்ல?"

பதிலுக்குக் காத்திராமல் ஓடிப்போய், கூடாரத்தில் விரித்துப் படுக்கிற ரப்பர் பாயும் தன் இடுப்பு பெல்ட்டும் கொண்டுவந்தார். பானையைச் சுற்றிப் பாயைக் கட்டி பெல்ட்டால் இறுக்கினார். கொஞ்ச நேரத்தில் சாறு குதித்தது பாருங்கள், நான் இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு கொதி பார்த்ததில்லை.

"அதே கரண்ட்டு," என்றார் ஹேகெலே, ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு. "ஒரு காசு அதிகமில்லை."

ஹாப்ஸைப் போட்டு, இருவரும் மூக்கை நீட்டி நீட்டி நின்றோம். கடைசியில் வாடை போயே போய்விட்டது. லோரென்ஸுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். "பாதின்னா பாதி. தண்ணியக் கலந்து மட்டும் பெருக்கிடாதீங்க அத்தை," என்றார். பீப்பாய் கொண்டு வருகிறேன் என்று ஒரு வார்த்தை வரவில்லை.

அந்தச் சாயங்காலமும் வந்தது. கூப்பிட்டவர்கள், கூப்பிடாதவர்கள், எல்லாரும் வந்தார்கள். பழைய மாமியார் ஒரு கழிப்பறைப் பீங்கானையே வண்டியில் ஏற்றி வந்து வாசலில் போட்டு உடைத்தாள், எவ்வளவு நாள் ஆசையோ! கூட்டமோ தெரு வரைக்கும் நின்றது. பாதிப் பீப்பாய் பீரை யாருக்கென்று கொடுப்பது? சட்டென்று ஹேகெலேயைப் பிடித்துப் பீப்பாய்க் குழாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

என் பெரிய குவளைகளை அவர் தொடவே இல்லை. தன் வீட்டு அலமாரியிலிருந்து சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களைக் கொண்டுவந்து, அதிலும் முக்கால்வாசி நுரை பிடித்துக் கொடுத்தார்.

லோரென்ஸ் கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தார். "ஐயா, இது பீரா, இருமல் மருந்தா?"

"ருசிச்சுக் குடிங்க மாப்பிள்ளை. தீர்ந்தா வாங்க, மறுபடி வரிசையில நில்லுங்க."

லோரென்ஸ் குடித்தார். உதட்டை நக்கினார். நேராக வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார். அதைப் பார்த்ததும் எல்லாரும் அவர் பின்னால் நின்றார்கள். பழைய மாமியார் முண்டியடித்து முன்னால் போய் ஹேகெலேயிடம் திட்டு வாங்கினாள்.

கூட்டம் கலைகிற வரைக்கும் பீர் ஓடியது. ஒருவர்கூடத் தண்ணீர் கேட்கவில்லை.

"அத்தை, இந்த ஆளை எனக்குக் கொடுத்துடுங்க," என்றார் லோரென்ஸ். "என் கடையில ஒரு வருஷம் ஊத்தினார்னா நான் கோடீஸ்வரன்."

"இவர் ஊத்தினா ஒரே வாரத்துல கடையில ஈதான் ஓட்டுவ," என்று அன்னெக்ரேட் துடைப்பத்தை அவர் கையில் திணித்தாள். "வா, வந்து பீங்கானைப் பெருக்கு."