பவுலுக்க பாஷை

குடும்ப ஜெபம் முடிந்ததும் சுந்தரதாஸ் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். லிஜி எதிரே பாயில் உட்கார்ந்து கண்களை மூடினாள். நர்சிங் முதலாண்டுப் பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள்.

மூன்று மாதமாக இதுதான் வழக்கம். அவருக்குப் பாறசாலையில் தையல்கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் சண்டே ஸ்கூல் வாத்தியார். பிள்ளைகளிடம் மனப்பாட வசனம் கேட்பதுபோலவே மகளிடம் மருத்துவச் சொற்களின் முன்னொட்டுகளைக் கேட்பார். ஒன்றை விட்டால் முதலில் இருந்து சொல்ல வேண்டும். அவையெல்லாம் கிரேக்கம் என்று அவள் சொன்ன நாளில் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பைபிள்ல நிருபம் எழுதின பவுலுக்க பாஷையாக்கும். தப்பா சொன்னா அவரு மேலே இருந்து சிரிப்பாரு." கேட்டுக் கேட்டு அவருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. மிஷினை மிதித்தபடி முணுமுணுப்பார்.

நேற்று திருவனந்தபுரத்தில் இருந்து அவருடைய ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. அம்மா சத்தியபாய் லிஜியை அடுக்களைக்குக் கூட்டிப்போய்ப் படிக்கச் சொன்னாள். கடைசி வரியில் அந்தச் சொல் இருந்தது. மெட்டாஸ்டாசிஸ். மெட்டா என்றால் தாண்டி. ஸ்டாசிஸ் என்றால் நிலை. குடலில் இருந்த புற்று கல்லீரலுக்குத் தாண்டிவிட்டது. மெட்டா அவள் நோட்டில் பதினான்காவது. ஒருநாளும் தவறவிட்டதில்லை. சொல்லைப் பிரிக்கத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதற்குமேல் அவளுக்கு எதுவும் தெரியாது.

"அப்பாகிட்ட சொல்லப்பிடாது மக்கா. அவரு தாங்கமாட்டாரு."

கடையிலிருந்து வந்து அவர் கேட்டபோது, "நீர்க்கட்டு ஆக்கும் அப்பா. மருந்துல மாறும்" என்றாள். அவர் ரிப்போர்ட்டை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக விரலை நகர்த்தினார். கடைசி வரியில் விரல் சற்று நின்றது. பிறகு தாளை மடித்து உறைக்குள் வைத்தார். "கொள்ளாம், நல்லதுதான்" என்றார்.

இன்றும் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். "ஹைப்பர்?"

"அதிகம்."

"ஹைப்போ?"

"குறைவு."

"மேக்ரோ?"

"பெரிசு."

அடுத்தது பதினான்காவது என்று அவளுக்குத் தெரியும். காத்திருந்தாள்.

"மைக்ரோ?"

லிஜி கண்களைத் திறந்தாள். அவர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மைக்ரோ, பிள்ளே."

"சின்னது."

"நியோ?"

"புதுசு."

கடைசிச் சொல்லான பாலி வரை போனார்கள். சத்தியபாய் அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்தாள். "இன்னைக்கு வேகம் தீந்துதே. ஒண்ணும் விடல்லியா?"

"விடல்ல" என்றார் சுந்தரதாஸ்.

லிஜி காத்திருந்தாள். முதலில் இருந்து என்று அவர் சொல்லவில்லை. நோட்டை அவளிடம் நீட்டிவிட்டு, ஜன்னல் கதவைச் சாத்த எழுந்துபோனார். அவள் பக்கத்தைப் பார்த்தாள். பதினான்காவது வரியின் மேல், துணியில் கோடு போடுகிற நீலச் சாக்பீஸின் பொடி, ஒரு கட்டைவிரல் அகலத்துக்குப் படிந்திருந்தது.