மூன்று பற்றரியும் மூன்று மணி பஸ்ஸும்

என் மனைவி மனோகரி உடுப்புகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று மணி பஸ்ஸில் சரவணைக் கிராமத்துக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போகிறாளாம். திரும்பி வருகிற யோசனை இல்லையாம்.

"இரண்டாந்தரமும் மருந்து பழுதாப் போச்சு. இனி இந்தப் படகிலை இருக்க என்னாலை ஏலாது," என்றாள்.

ரொறன்ரோவில் முப்பது வருஷம் உழைத்துவிட்டு வந்தவர்கள் எல்லாரும் ஊரில் மாடி வீடு கட்டுகிறார்கள். நான் படகு வாங்கி, ஊர்காவற்றுறை இறங்குதுறையில் கட்டி, அதில் குடியிருக்கிறேன். ஆசை என்னுடையது, அவளுடையதல்ல. அவளுக்கு நீரிழிவு. இன்சுலினைக் குளிரில் வைக்கவேண்டும். ஃபிரிஜ்ஜோ ஒவ்வொரு நாளும் விடியும்போது செத்துக் கிடந்தது. கூரையில் நாலு சோலர் தகடு, மேலே கொளுத்துகிற வெயில், இருந்தும் என்ன பிரயோசனம்?

"நீர் ஃபிரிஜ்ஜைத் திறந்து திறந்து பாத்தா கறண்ட் எப்பிடி நிக்கும்?" என்று இரண்டு கிழமையாக அவளைத்தான் ஏசினேன். பிறகு சோலர் பூட்டினவனை ஏசினேன். இன்றைக்குச் சோழகக் காற்றையும் ஏசினேன். அது படகையும் சும்மா இருக்க விடவில்லை, என்னையும் விடவில்லை.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்," என்றாள் மனோகரி, பையைப் பார்த்தபடி.

அனலைதீவுப் படகுகளுக்கு மின்வேலை பார்க்கிற அன்ரனிதாஸ் ஒரு மணிக்கு வந்தான். வந்ததும் பால் விடாத பிளேன்ரீ கேட்டான்.

"தம்பி, மூண்டு மணிக்குள்ளை முடியுமோ?"

"பாப்பமே அண்ணை."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பஸ்ஸும் பார்த்துக்கொண்டு நிற்குமோ?

சோலர் வயரில் மீற்றரை வைத்தான். சரியாக இருந்தது. இஞ்சினை ஓட்டச் சொன்னான். அதன் டைனமோவும் சரியாகத்தான் சார்ஜ் பண்ணியது.

"சார்ஜ் உள்ளை போகுது அண்ணை. ஆனா உள்ளை நிக்குதில்லை. வருத்தம் பற்றரியிலைதான்."

"வாங்கி எட்டு மாசந்தான்! கள்ளர், ஏமாத்திப்போட்டாங்கள்!"

மூன்று பற்றரியையும் ஒன்றிலிருந்து ஒன்று கழற்றி, அரை மணித்தியாலம் ஆறவிட வேண்டும் என்றான். அந்த அரை மணித்தியாலமும் நான் அணியத்துக்கும் பின்பக்கத்துக்குமாக நடந்தேன்.

"ஒரு இடத்திலை இருங்கோவன், பாக்க எனக்குத் தலை சுத்துது," என்றாள் மனோகரி.

பிறகு ஒவ்வொரு பற்றரிக்கும் ஒரு பெரிய பல்ப்பைக் கொடுத்து எரியவிட்டுப் பார்த்தான். மீற்றரில் இலக்கங்கள் மளமளவென்று இறங்கின. மூன்றும் அப்படித்தான். மூடிகளைக் கழற்றி உள்ளே ரோர்ச் அடித்தான். தண்ணீர் கலங்கியிருந்தது. தகடுகளின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது.

"அண்ணை, ஆர் இதுக்குக் கிணத்துத் தண்ணி விட்டது?"

தீவில் எங்கே தோண்டினாலும் உவர்தான். புளியங்கூடலில் எங்கள் அப்பாவின் கிணறு மட்டும் இளநீர் மாதிரி. ஊரே வந்து அள்ளும். போத்தலில் விற்கிற பற்றரித் தண்ணீரைக் கடைக்காரனின் ஏமாற்று வேலை என்று தள்ளிவிட்டு, வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பிளாஸ்ரிக் கானில் கொண்டுவந்து மூன்று பற்றரிக்கும் பெருமையாக ஊற்றினவன் நான்.

ஆனால் என் வாய் தன்பாட்டில், "கிணத்துத் தண்ணியோ? எந்த விசர் செய்த வேலை?" என்றது. கண் மனோகரியைப் பார்த்தது. பழகிய கண்.

அவளும் என்னைப் பார்த்தாள்.

"நான்தான் விட்டனான் தம்பி," என்றாள்.

"ஐயோ அக்கா! குடிக்க நல்ல தண்ணி எண்டாலும் அதிலை சுண்ணாம்பு கிடக்கெல்லோ. மூண்டும் முடிஞ்சுது. தெரியாட்டி இதுகளிலை கை வைக்கப்படாது."

"ஓம் தம்பி, பிழைதான்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதை நினைக்க இப்பவும் வெட்கமாயிருக்கிறது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு, துறைக்கு இறங்கப் போட்டிருந்த பலகையில் கால் வைத்தாள். தெருமுனையில் பஸ் ஹோர்ன் கேட்டது.

"அன்ரனி, அவள் அந்த மூடியளைத் தொட்டதே இல்லை. நான்தான் விட்டனான். இவ்வளவு நேரமும் அவளை மாட்டிவிட்டுப் பாத்துக்கொண்டு நிண்டனான்," என்றேன்.

அன்ரனிதாஸ் குனிந்து வயர்களைச் சுற்றத் தொடங்கினான். மனோகரி துறையில் நின்று திரும்பினாள்.

"நான் பழியை எடுத்தாப் பிறகுதானே உங்களுக்கு வாய் திறந்தது," என்றாள். "மருந்து பழுதானதுக்கு நான் போகேல்லை. இதுக்குத்தான் போறன்."

பின்னாலேயே பஸ்வரை ஓடினேன். அவள் யன்னலோரம் இருந்தாள்.

"நாளைக்கே புதுப் பற்றரி பூட்டுறன். எப்ப வருவீர்?"

"பூட்டினா ஃபிரிஜ் வேலை செய்யும்," என்றாள். "நான் யோசிக்கவேணும்."

பஸ் வெளிக்கிட்டது.