சனிக்கிழமை விடுதலை

பாலசுந்தரம் குருவி வளர்த்தார் என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கே அவமானம். வெள்ளவத்தைத் தொடர்மாடியின் கார் நிறுத்துமிடத்தில், வெயில் நேரே அடிக்கும் சுவரில், ஒரு கூட்டை மாட்டிவைத்திருந்தார். உள்ளே நான்கு லவ் பேர்ட்ஸ். தண்ணீர்க் கிண்ணம் எந்நேரமும் காய்ந்து கிடக்கும். கத்தினால் தடியால் கூட்டுக்கு ஓங்கி ஓர் அடி. நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டுதான் மனுசன் இதைச் செய்வார்.

இரண்டாம் மாடி மேனுகாவுக்கும் எதிர்வீட்டு அப்ஹாமுக்கும் பத்து வயது. வீட்டில் சொல்லிப் பார்த்தார்கள். அயலுக்குள் சண்டை வேண்டாமாம். இரண்டு வீட்டிலும் ஒரே பதில். அதனால் தாங்களே திட்டம் போட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் அவர் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்கக் கோயிலுக்குப் போனதும் கூட்டைக் கழற்றி, மொட்டைமாடியில் திறந்துவிடுவது.

"மேல அம்மா சனிக்கிழமையில காகத்துக்குச் சோறு வைக்கிறவ. இதுகளும் சாப்பிட்டிட்டுப் பறக்கும்," என்றாள் மேனுகா.

"காகம் கொத்தாதா?"

"உனக்கு விசரே? எங்கட செத்த ஆக்கள்தான் காகமா வாறவை. என்ர அப்பப்பாவும் வருவார். அவர் சுத்த சைவம்."

அடுத்த வீட்டுச் செத்த ஆட்களைப் பற்றி அப்ஹாம் என்னத்தைச் சொல்ல?

அந்தச் சனிக்கிழமை, மேனுகாவின் அம்மா சோறு வைத்துக் காகத்தைக் கூப்பிட்டுவிட்டு இறங்கியதும் இருவரும் கூட்டோடு ஏறினார்கள். மேனுகா கதவைத் திறந்தாள். மூன்று குருவிகள் பாய்ந்தன. கூட்டுக்குள்ளேயே கிடந்து பழகியவை. கொஞ்சத் தூரம் பறப்பதற்குள் களைத்துச் சோற்றருகில் விழுந்தன. காகங்கள் சோற்றை விட்டுவிட்டன.

"அப்பப்பா, விடுங்கோ! விடுங்கோ!" என்று மேனுகா கத்தினாள். அப்ஹாம் செருப்பைக் கழற்றி எறிந்தான். எந்த அப்பப்பாவும் கேட்கவில்லை. பச்சை இறகுகள் சோற்றில் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

நான்காவது குருவி வெளியே வராமல் மூலையில் ஒடுங்கியிருந்தது. மேனுகா கதவைச் சாத்தினாள்.

"எங்கட வீட்ல ஒளிச்சு வைப்போமா?" என்று அப்ஹாம் அழுதபடி கேட்டான். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். கதவைத் திறந்த தன் கையை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அவள் கூட்டோடு இறங்கி வந்தபோது, கீழே பாலசுந்தரம் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மற்றதுகள் எங்க?"

"நான்தான் திறந்தனான். காகம் கொண்டுபோயிட்டுது."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எவ்வளவோ நல்லது.

"பார்த்தியே பிள்ளை? இதுக்குத்தான் பூட்டி வைக்கிறனான்," என்று சிரித்தார்.

மேனுகா கூட்டை அவர் கையில் கொடுத்தாள்.

"ஓம், அங்கிள்," என்றாள்.